திருத்தும் கை யாருடையது? அம்பேத்கரின் எழுத்துமேசையை முன்வைத்து



நினைவுச் சொற்பொழிவுகளில் பெரிய தலைப்புகளைப் பேசுவது வழக்கம். நான் எடுத்துக்கொண்டிருப்பது பார்வைக்குச் சின்ன விஷயம்: எழுதியதைத் திருத்துவது. ஒருவர் தான் எழுதியதை மறுபடி படிக்கிறார், அடிக்கிறார், சேர்க்கிறார், வரிசையை மாற்றுகிறார், சில சமயம் தலைப்பையே மாற்றுகிறார். தனி அறையில், தனி மேசையில் நடக்கும் இந்த வேலைக்கும் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எழுதுகிறவர் தீண்டப்படாதவராக இருந்தால் சம்பந்தம் நிறைய இருக்கிறது.

நம் தெருக்களிலிருந்து எழுத வரும் இளைஞர்கள் இரண்டு அறிவுரைகளைக் கேட்காமல் தப்ப முடியாது. முதல் அறிவுரை: “நன்றாக இருக்கிறது, ஆனால் காரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.” இரண்டாவது அறிவுரை பாராட்டுப்போல வரும்: “உங்கள் எழுத்து பச்சையாக, ரத்தமும் சதையுமாக இருக்கிறது, எதையும் தொடாதீர்கள், அப்படியே விடுங்கள்.” முதலாவது நம்மை ஆபத்தானவர்களாகப் பார்க்கிறது. இரண்டாவது நம்மை வலியைக் கொட்டத் தெரிந்தவர்களாகவும் யோசிக்கத் தெரியாதவர்களாகவும் பார்க்கிறது. இரண்டின் முடிவும் ஒன்றுதான். திருத்தும் பேனா நம் கையில் இருக்கக் கூடாது.

திருத்தம் என்ற சொல்லே நம் வரலாற்றில் பாரம் சுமந்த சொல். காட்டைத் திருத்திக் கழனியாக்கியவர்கள் நாம். கழனி வேறொருவர் பெயரில் பதிவானது. சீர்திருத்தம் என்று நூறாண்டுகளுக்கு மேல் பேசினார்கள். அந்தப் பேச்சில் திருத்தப்பட வேண்டியவர்கள் நாமாகவும் திருத்துகிறவர்கள் மற்றவர்களாகவும் இருந்தோம். குளிக்க வேண்டும், குடிக்கக் கூடாது, சுத்தமாக இருக்க வேண்டும் என்று நமக்குப் பாடம் சொன்னவர்கள், தங்கள் சாத்திரங்களில் ஒரு வரியைத் திருத்தத் தயாராக இல்லை. இந்தப் பின்னணியில்தான் பாபாசாகேப் அம்பேத்கரின் எழுத்து வாழ்க்கையைப் பார்க்க விரும்புகிறேன். அவர் வாழ்நாள் முழுக்கத் திருத்தினார். ஒரே ஒருமுறை, உலகமே பார்க்கத் திருத்த மறுத்தார். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் நமக்கு ஒரு நெறி கிடைக்கும் என்பதே என் வாதம்.

லண்டன், 1923

முதலில் மாணவர் அம்பேத்கர். பரோடா மன்னரின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவர் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. 1920இல்தான் மறுபடி போக முடிந்தது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பேராசிரியர் எட்வின் கேனனின் மேற்பார்வையில் ரூபாயின் பிரச்சினை குறித்து முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதினார். இந்திய நாணய மதிப்பை அரசு நிர்வகித்த முறையை, அதற்கு ஆதரவாக எழுதிய கெயின்ஸ் போன்ற பெரிய பெயர்களையும் எதிர்த்து, புள்ளிவிவரங்களோடு விமர்சித்த ஆய்வு அது.

1923 மார்ச்சில் அவர் அதைச் சமர்ப்பித்தார். அது அப்படியே ஏற்கப்படவில்லை. கையில் பணம் தீர்ந்திருந்தது, பம்பாய் திரும்பினார். அங்கிருந்தபடியே திருத்தி எழுதி, அதே ஆண்டு ஆகஸ்டில் மறுபடி சமர்ப்பித்தார். நவம்பரில் ஏற்கப்பட்டது; உடனே லண்டனில் நூலாகவும் வந்தது. தனஞ்சய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின்படி, அம்பேத்கர் சொல்லும் முறையை மாற்றினாரே தவிரத் தன் முடிவுகளை மாற்றவில்லை. நூலுக்கு முன்னுரை எழுதிய கேனன், அம்பேத்கரின் முடிவுகள் பலவற்றோடு தமக்கு உடன்பாடில்லை என்று அந்த முன்னுரையிலேயே எழுதினார். ஆசிரியர் உடன்படாத முடிவுகள் நூலில் நின்றன. ஆசிரியரின் மாற்றுக் கருத்தும் அதே நூலின் முதல் பக்கங்களில் அச்சானது.

ஆய்வு மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆய்வேடு திரும்பி வருவது அவமானம் என்று நினைத்துப் படிப்பையே விட்டுவிட்டவர்கள் நம்மிடையே உண்டு. சாதியின் காரணமாகத் திருப்பி அனுப்பப்படும் ஆய்வேடுகளும் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் திரும்பி வந்த ஒவ்வொரு தாளும் ஒரேவகைத் தாள் அல்ல. எதைச் சொல்கிறோம், எப்படிச் சொல்கிறோம் என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பயிற்சி அம்பேத்கருக்கு 32 வயதில் கிடைத்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அந்தப் பயிற்சி அவருக்குப் பெரிதாக உதவியது.

லாகூர், 1936

ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்பது லாகூரில் இயங்கிய, சாதியை உடைக்க வேண்டும் என்று சொன்ன இந்துச் சீர்திருத்தச் சங்கம். ஆரிய சமாஜப் பின்னணி கொண்டது. 1935 டிசம்பரில் அதன் செயலாளர் சந்த் ராம், அடுத்த ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்குமாறு அம்பேத்கருக்குக் கடிதம் எழுதினார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான், 1935 அக்டோபர் 13 அன்று இயோலாவில், இந்துவாகப் பிறந்தாலும் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்திருந்தார். அதை அறிந்தே அழைத்தார்கள். அவர் முதலில் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார், உரையை எழுதினார். பம்பாயிலேயே ஆயிரம் பிரதிகள் அச்சடிக்க ஏற்பாடானது.

உரையைப் பார்த்ததும் லாகூருக்கு நடுக்கம் வந்தது. மண்டலின் சார்பில் ஹர் பகவான் ஏப்ரல் 22 அன்று எழுதிய கடிதத்தில் கேட்டுக்கொண்டது சுருக்கமாக இதுதான்: கடைசிப் பகுதியை நீக்கிவிடுங்கள். சாதியைத் தாங்கிப்பிடிக்கும் சாத்திரங்களின் அதிகாரத்தை அழிக்காமல் சாதியை அழிக்க முடியாது என்று அம்பேத்கர் நிறுவும் இடம் அது. இந்து மதத்தை விட்டு வெளியேறும் தன் முடிவை அவர் குறிப்பிடுவதும் அங்கேதான். மாநாட்டின் நோக்கத்துக்கு அது தேவையில்லை, கசப்பு வரும் என்பது மண்டலின் வாதம்.

ஏப்ரல் 27 அன்று அம்பேத்கர் பதில் எழுதினார். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன், என் உரைமீது எந்தத் தணிக்கையையும் அனுமதிக்க மாட்டேன், என்னிடமிருந்து வருவதை வந்தபடியே ஏற்க வேண்டும் என்பது அந்தப் பதிலின் சாரம். உரையின் பொறுப்பு முழுவதும் தன்னுடையது என்றும் சொன்னார். மாநாடு நடக்கவில்லை. அச்சான உரை அவர் கையில் மிஞ்சியது. 1936 மே மாதம் அதைத் தன் செலவில் நூலாக வெளியிட்டார். அந்த உரைதான் ‘சாதி ஒழிப்பு’.

காற்புள்ளிக் கதையை நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். சொல்லும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். ஹர் பகவானின் கடிதத்தில், இந்தப் புள்ளிவிவரம் தவறு, இந்த மேற்கோள் தவறு, இந்த வாதத்தில் இன்ன ஓட்டை இருக்கிறது என்று காட்டப்படவில்லை. கேட்பவர்களின் மனம் எவ்வளவு தாங்கும் என்பதே அங்கே அளவுகோல். உரையின் கடைசிப் பகுதியை வெட்டினால் முன்பகுதி முழுக்க இன்னொரு சமபந்திப் போஜனப் பிரசங்கமாகச் சுருங்கிவிடும். முடிவில்லாத வாதமாக அது நிற்கும். லண்டனில் அவர் காப்பாற்றியதைத்தான் லாகூரில் விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள். அதனால்தான் காற்புள்ளி வரைக்கும் அவர் கோடு கிழிக்க வேண்டியிருந்தது.

மறுத்தவரே திருத்த விரும்பியது

இங்கே நிறுத்திவிட்டால், அம்பேத்கர் தன் எழுத்தில் கைவைக்க விரும்பாத மனிதர் என்ற படம் மிஞ்சும். அதே நூலின் பின்கதை வேறு மாதிரி.

முதல் பதிப்பின் 1,500 பிரதிகள் இரண்டு மாதத்தில் தீர்ந்தன. 1937இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, குஜராத்தியிலும் தமிழிலும் நூல் பெயர்க்கப்பட்டுவிட்டதாக முன்னுரையில் அவரே பதிவு செய்கிறார். அந்தத் தமிழாக்கம் பெரியாரின் ‘குடிஅரசு’ வழியாக வந்தது என்பது நமக்குப் பெருமை. லாகூர் கேட்க மறுத்த உரையை ஈரோடு ஓராண்டுக்குள் தமிழில் படிக்கக் கொடுத்துவிட்டது.

இரண்டாம் பதிப்பின்போது சிலர் அவரிடம், நடக்காத மாநாட்டின் தலைமையுரை என்ற வடிவம் எதற்கு, நேரடிக் கட்டுரையாக மாற்றி எழுதுங்கள் என்றார்கள். நட்போடு சொல்லப்பட்ட யோசனைதான். அவர் யோசித்துப் பார்த்து, வரலாற்றுக் காரணத்துக்காகவும் நேரடியாகப் பேசும் வடிவத்துக்கு இருக்கும் வலுவுக்காகவும் உரை வடிவத்தையே வைத்துக்கொண்டார். ஆனால் நூல் மாறாமல் இல்லை. காந்தி 1936 ஜூலையில் ‘ஹரிஜன்’ இதழில் எழுதிய இரண்டு மதிப்புரைக் கட்டுரைகளையும், அவற்றுக்குத் தான் எழுதிய பதிலையும் பின்னிணைப்புகளாகச் சேர்த்தார். எட்டணா விலை அதிகம், இரண்டணாவோ நாலணாவோ வைக்கலாம் என்று காந்தி விலையைப் பற்றிச் சொன்ன யோசனைகூட அந்தக் கட்டுரையில் உண்டு. அதையும் சேர்த்தே அச்சிட்டார். தன்னை மறுத்தவரின் எழுத்தை முழுமையாகத் தன் நூலுக்குள் கொண்டுவந்து, வாசகர் இரண்டையும் படித்துத் தீர்மானிக்கட்டும் என்று விட்டார். எதிர்வாதத்தை உள்ளே அழைத்துப் பதில் சொல்வதும் ஒரு திருத்தமுறைதான்.

1944 டிசம்பரில் மூன்றாம் பதிப்பு. அதன் முன்னுரை மிகச் சிறியது; என்னைப் பொறுத்தவரை அவருடைய எழுத்து வாழ்க்கையின் மிக முக்கியமான ஆவணங்களில் ஒன்று. 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் வாசித்து, 1917இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் வெளியான ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையை ‘சாதி ஒழிப்பு’க்குள் இணைத்து, முழு நூலையும் திருப்பி எழுதுவது தன் எண்ணமாக இருந்தது என்று அதில் சொல்கிறார். நேரம் கிடைக்கவில்லை, இனிக் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் குறைவு, வாசகர்களோ கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஆகவே இரண்டாம் பதிப்பையே மறுபடி அச்சிடுகிறேன் என்கிறார்.

ஒரு காற்புள்ளியை மாற்ற மறுத்தவர், எட்டு ஆண்டு கழித்து முழுநூலையும் உடைத்துக் கட்ட ஆசைப்பட்டிருக்கிறார். இதில் முரண் இல்லை. இருபத்தைந்து வயதில், சாதி எப்படித் தோன்றியது, அகமணத்தின் மூலம் எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்த மாணவர் ஒருவர். நாற்பத்தைந்து வயதில், சாதியை எப்படி ஒழிப்பது என்று கேட்ட தலைவர் ஒருவர். இரண்டு பேரையும் ஒரே நூலில் சந்திக்கவைக்க அவர் விரும்பினார். அந்த நூல் நமக்குக் கிடைக்கவில்லை. நாம் இன்று படிக்கும் ‘சாதி ஒழிப்பு’, அதன் ஆசிரியர் இன்னும் மேலே கொண்டுபோக விரும்பிய நூல். அந்தப் பிரதியைப் புனித நூலாக வைத்துக் கும்பிடுவது அதன் ஆசிரியரின் மனநிலைக்கே எதிரானது.

ரூபாய் நூலுக்கும் இதே கதி. 1947இல் அதை மறுபதிப்புச் செய்தபோது, பொருளாதாரத்திலிருந்து சட்டத்துக்கும் அரசியலுக்கும் மாறிவிட்டதால் திருத்த நேரம் இல்லாமல்போனது என்று எழுதினார். 1923க்குப் பிந்தைய வரலாற்றை இரண்டாம் தொகுதியாகத் தருவதாகத் திட்டம் சொன்னார். அந்தத் தொகுதி வரவேயில்லை.

வாசகர் கேட்டதற்காக ஒரு பாகம்

நேரம் கிடைத்த இடத்தில் அவர் என்ன செய்தார் என்பதற்குப் பாகிஸ்தான் நூல் சாட்சி. முஸ்லிம் லீக்கின் 1940 லாகூர் தீர்மானத்துக்குப் பிறகு எழுதப்பட்ட அந்த நூலின் முதல் பதிப்பு, பிரிவினைக்கு ஆதரவான வாதங்களையும் எதிரான வாதங்களையும் ஒரு வழக்கறிஞரின் நிதானத்தோடு அடுக்கியது. ஆசிரியர் தன் முடிவை அதில் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அதைப் பலர் குறையாகச் சொன்னார்கள். 1945இல் வந்த இரண்டாம் பதிப்பில், மூன்று இயல்கள் கொண்ட ஐந்தாம் பாகத்தைப் புதிதாகச் சேர்த்துத் தன் நிலைப்பாட்டைச் சொன்னார். பின்னிணைப்புகளும் கூடின, நூலின் பெயரும் மாறியது. லாகூர் மண்டல் முடிவை வெட்டு என்றது, மறுத்தார். வாசகர்கள் முடிவைச் சொல் என்றார்கள், சேர்த்தார். இரண்டு இடத்திலும் அவருடைய அளவுகோல் ஒன்றுதான்: வாதம் முழுமையாக இருக்க வேண்டும்.

அவையில் திருத்தம்

திருத்தம் என்ற சொல்லுக்குச் சட்டத்திலும் இடமுண்டு. அரசியலமைப்புச் சட்ட வரைவு, அரசியலமைப்பு ஆலோசகரின் கையில் 243 பிரிவுகளோடு தொடங்கியது. வரைவுக்குழுவின் முதல் வரைவில் 315 பிரிவுகள் ஆனது. 1949 நவம்பர் 26 அன்று 395 பிரிவுகளோடு ஏற்கப்பட்டது. இடையில் உறுப்பினர்கள் கொடுத்த திருத்தங்கள் ஏறத்தாழ 7,635. அவற்றில் 2,473 அவையில் முன்மொழியப்பட்டன. ஏற்பதை ஏற்று, மறுப்பதை மறுத்து, பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அம்பேத்கர் இருந்தார். ஏழு பேர் கொண்ட வரைவுக்குழுவில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் வெளிநாட்டில் இருந்தார், மற்றவர்களுக்கு வேறு வேலைகள். பாரம் கடைசியில் அம்பேத்கர் தலையில்தான் விழுந்தது என்று 1948 நவம்பரில் அவையிலேயே பதிவு செய்தவர் சென்னை மாகாணத்து உறுப்பினர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி.

அந்த உழைப்பில் அவருடைய விருப்பப்படி நடக்காதவை பல. 1947இல் அவர் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில், நிலத்தையும் முக்கியத் தொழில்களையும் அரசுடைமையாக்குவது அரசியலமைப்பின் பகுதியாகவே இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அது இறுதிச் சட்டத்தில் இல்லை. ஒரு நூலின் ஆசிரியராக அவர் கையில் இருந்த முழு அதிகாரம், வரைவுக்குழுத் தலைவராக இருந்தபோது இல்லை. இரண்டு மேசைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் தெரிந்தே உட்கார்ந்தார். எதிர்காலத் தலைமுறை திருத்திக்கொள்ள வழிவைத்த சட்டத்தை, எந்தக் காலத்திலும் திருத்தக் கூடாது என்று சொல்லப்பட்ட மனுநீதி நிலவிய நாட்டுக்கு அவர் கொடுத்தார்.

கடைசிப் பிரதி

அமைச்சர் பதவியிலிருந்து 1951 செப்டம்பரில் விலகியபின் அவருடைய பெரும்பணி புத்தர் குறித்த நூல். அதற்கான விதை 1950இல் மகாபோதி சங்க இதழில் எழுதிய கட்டுரை. அறிவியலால் விழிப்படைந்த சமூகத்துக்குப் பொருந்தும் சமயம் பௌத்தமே என்று அதில் வாதிட்டு, எளிய மனிதர்கள் கையில் வைத்துப் படிக்க ஒரு நூல் வேண்டும் என்றார். அந்த நூலைத் தானே எழுத ஆரம்பித்தார்.

இந்தத் தேடலுக்குச் சென்னையோடு ஒரு கண்ணி உண்டு. பேராசிரியர் லட்சுமி நரசுவின் ‘பௌத்தத்தின் சாரம்’ ஆங்கில நூல் 1907இல் வெளிவந்தது. அதை 1948இல் தன் முன்னுரையோடு மறுபதிப்பாக வரச்செய்தவர் அம்பேத்கர். சாதியையும் மூடநம்பிக்கையையும் எதிர்த்துப் பகுத்தறிவுப் பௌத்தத்தை இங்கே பேசிய அந்த முன்னோடியைப் படித்தபின்தான் தன் நூலுக்கு வந்தார்.

புத்தர் நூலின் ஆரம்ப வடிவத்துக்கு ‘புத்தரும் அவரது சுவிசேஷமும்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பை வைத்திருந்தார். சில பிரதிகளை மட்டும் தனிச்சுற்றுக்காக அச்சிட்டுக் கருத்துக் கேட்டார். பிறகு ‘சுவிசேஷம்’ போய் ‘தம்மம்’ வந்தது. சுவிசேஷம் ஒரு தூதர் மேலிருந்து கொண்டுவரும் நற்செய்தி; தம்மம் மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலான நெறி. அந்த ஒரு சொல்லை மாற்றியதில் நூலின் மையக் கருத்தே அட்டையில் ஏறிவிட்டது.

அந்த நூலே ஒரு மாபெரும் திருத்தம். முதியவர், நோயாளி, பிணம், துறவி ஆகிய நான்கு காட்சிகளைப் பார்த்துச் சித்தார்த்தர் திடீரெனத் துறவு பூண்டார் என்ற மரபுக்கதையை அம்பேத்கர் கேள்வி கேட்டார். இருபத்தொன்பது வயதுவரை ஒரு மனிதர் முதுமையையும் சாவையும் பார்க்காமல் இருக்க முடியுமா என்பது அவர் கேள்வி. அந்த இடத்தில், ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காகச் சாக்கியருக்கும் கோலியருக்கும் எழுந்த தகராறையும், போரை எதிர்த்துச் சித்தார்த்தர் நாட்டைவிட்டு வெளியேறியதையும் வைத்தார். மகத் குளத்தில் தண்ணீர் அள்ளப் போராடிய மனிதர், புத்தரின் துறவுக்குத் தண்ணீர்த் தகராறைக் காரணமாகக் கண்டது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

உடல் ஒத்துழைக்கவில்லை. சர்க்கரை நோய், கால்வலி, மங்கும் பார்வை. அவருடைய செயலாளர் நானக் சந்த் ரத்து தட்டச்சு செய்து கொடுப்பார், அவர் அடித்துத் திருத்துவார், மறுபடி தட்டச்சாகும். 1956 மார்ச்சில் முன்னுரை எழுதினார். அச்சுக்குப் பணம் இல்லை. செப்டம்பர் 14 அன்று பிரதமர் நேருவுக்குக் கடிதம் எழுதி, புத்த ஜெயந்தி விழாவை ஒட்டி அரசு 500 பிரதிகளை வாங்கிக்கொள்ளுமா என்று கேட்டார். விழாக்குழுவின் நிதியில் அதற்கு இடமில்லை என்று மறுநாளே பதில் வந்தது. நாட்டின் சட்ட வரைவை எழுதியவர், தன் கடைசி நூலை அச்சேற்ற நடையாய் நடக்க வேண்டியிருந்தது.

1956 டிசம்பர் 5 இரவு, தில்லி அலிப்பூர் சாலை 26ஆம் எண் வீட்டில், புத்தர் நூலின் முகவுரை, முன்னுரைத் தாள்களைப் பார்த்துத் திருத்துவதற்காகப் படுக்கையருகே எடுத்துவைக்கச் சொன்னார் என்று கீர் பதிவு செய்கிறார். மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. நூல் 1957இல் வந்தது. மார்ச்சில் எழுதிய அந்த முன்னுரை அதில் இடம்பெறவில்லை.

விட்டுச்சென்ற தாள்கள்

அவர் இறந்தபின் கையெழுத்துப் படிகள் பல ஆண்டுகள் வழக்கிலும் பெட்டிகளிலும் முடங்கிக் கிடந்தன. மகாராஷ்டிர அரசு 1979 முதல் வசந்த் மூன் பதிப்பில் தொகுதிகளை வெளியிடத் தொடங்கியபின்தான் பல எழுத்துகள் வெளிச்சம் கண்டன. தமிழில் நாம் படிக்கும் தொகுதிகளும் அவற்றிலிருந்தே வந்தன. அந்தத் தொகுதிகளைத் திறந்தால் ஓர் எழுத்துமேசை தெரியும். சில இயல்கள் கைத்திருத்தங்களோடு கூடிய தட்டச்சுப் படிகள். சிலவற்றில் பக்கங்கள் குறைகின்றன. சில நூல்களுக்குத் திட்டம் இருக்கிறது, இயல்கள் இல்லை. தன் வாழ்வில் பட்ட தீண்டாமைகளைச் சொல்லும் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ கையெழுத்துப் படியாகவே இருந்து, 1990இல்தான் அச்சைக் கண்டது.

1987இல் வந்த ‘இந்துமதத்தில் புதிர்கள்’ தொகுதியில் ராமனையும் கிருஷ்ணனையும் பற்றிய பின்னிணைப்பை நீக்க வேண்டும் என்று சிவசேனாவும் மராத்தா மகாசங்கமும் கிளம்பின. ஐம்பது ஆண்டுக்கு முன்பு லாகூரிலிருந்து வந்த அதே கோரிக்கை, இம்முறை ஆசிரியர் உயிரோடு இல்லாத நேரத்தில் வந்தது. 1988 தொடக்கத்தில் பம்பாய்த் தெருக்களில் தலித் மக்கள் பெருந்திரளாக இறங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பேர் ஒரு நூலின் சில பக்கங்களுக்காக நடந்தார்கள். பகுதி நூலில் நின்றது. அதன் கருத்துகளை அரசு ஏற்கவில்லை என்ற குறிப்பு மட்டும் சேர்ந்தது. எழுத்தாளர் இல்லாதபோது காற்புள்ளியைக் காத்தது மக்கள்.

அதே சமயம், அந்தப் படிகள் அவர் முடித்துவைத்தவை அல்ல என்பதையும் நாம் மறக்கக் கூடாது. அவற்றை மேற்கோள் காட்டும் மாணவர், இது அவர் அச்சிட்ட நூலா, திருத்திக்கொண்டிருந்த படியா என்று குறிப்பிட வேண்டும். அது அவருக்குச் செய்யும் மரியாதை.

நமக்கு

தமிழ் நிலத்திலும் இதே இழப்பு உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1907 முதல் 1914இல் மறையும்வரை ‘தமிழன்’ இதழை வாராவாரம் கொண்டுவந்தார். இதழுக்காக எழுதிய எழுத்து இதழிலேயே கிடந்தது, 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்தபின்தான் நூல்வடிவில் பரவலாகக் கைக்கு வந்தது. ‘பறையன்’ இதழ் நடத்தி, வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்த இரட்டைமலை சீனிவாசன் 1939இல் தன் வாழ்க்கையை எழுதியபோது ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்று பெயர் வைத்தார். அவ்வளவு நீண்ட பொதுவாழ்வு ஒரு சுருக்கமாகத்தான் நம்மிடம் வந்திருக்கிறது. மறுபடி உட்கார்ந்து எழுத ஒரு மேசை, ஒரு விளக்கு, யாரும் கூப்பிடாத நாலு மணி நேரம்: இவை எல்லாச் சாதிக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. நிலம், தண்ணீர், கல்வியைப் போலத் திருத்தி எழுதும் நேரமும் ஒரு வளம். அதில் நம் பங்கைக் கேட்பதும் அரசியல்தான்.

ஆகவே இயக்கத் தோழர்களிடமும் மாணவர்களிடமும் மூன்று கோரிக்கைகள்.

ஒன்று, யாராவது உங்கள் எழுத்தை மாற்றச் சொன்னால் முதலில் கேளுங்கள்: எங்கே பிழை? பிழையைக் காட்டினால் நன்றி சொல்லி மாற்றுங்கள். பிழையைக் காட்டாமல், யாருக்கோ மனம் நோகும் என்று மட்டும் சொன்னால், காற்புள்ளியைக்கூடக் கொடுக்காதீர்கள். 1923க்கும் 1936க்கும் இடையே அம்பேத்கர் போட்ட கோடு அதுதான்.

இரண்டு, நமக்குள் ஒருவர் எழுத்தை ஒருவர் கண்டிப்பாகப் படிக்க வேண்டும். ‘நம் ஆள் எழுதியது’ என்று தட்டிக்கொடுத்து அச்சுக்கு அனுப்புவது அன்புபோலத் தெரியும்; உண்மையில் அது அந்த எழுத்தாளரைக் குறைத்து மதிப்பிடுவது. ஓர் இளைஞரின் கட்டுரையை மூன்றுமுறை திருப்பிக் கொடுத்து, நான்காம் முறை இதழில் முதலில் போடும் ஆசிரியர்கள் நமக்கு வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது காரணத்தை எழுதிக் கொடுக்கும் பொறுப்பும் அவர்களுக்கு வேண்டும்.

மூன்று, படிகளைப் பாதுகாப்போம். நம் ஊர்களில் இறந்துபோன எழுத்தாளர்கள், பாடகர்கள், துண்டறிக்கை எழுதியவர்கள் வீடுகளில் நோட்டுப் புத்தகங்கள் கிடக்கின்றன. கரையானுக்கும் பழைய பேப்பர்க் கடைக்கும் போவதற்குமுன் அவற்றைப் படம்பிடித்து வையுங்கள். அடித்த வரிகளையும் சேர்த்து வையுங்கள். நம் முன்னோர் எதை எழுதினார்கள் என்பதோடு, எதை எழுதிப் பார்த்து, யோசித்து, மாற்றினார்கள் என்பதும் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். நாம் கொட்டியவர்கள் மட்டும் அல்ல, சிந்தித்தவர்கள் என்பதற்கு அந்த அடித்த வரிகள்தான் சான்று.